கீர்த்தனாவைக் கேட்காமல்

“கடைசியா எப்பம்மா பீரியட்ஸ் வந்துச்சு?” என்று நர்ஸ் கேட்டது கீர்த்தனாவிடம். பார்த்தது என்னை.

கீர்த்தனாவுக்கு அப்போது பதினான்கு வயது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மருத்துவமனையின் நடைபாதையில், சுவரோரம் போட்டிருந்த இரும்பு நாற்காலியில், வயிற்றைக் கையால் அணைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதமாக வரவில்லை என்றாள். நர்ஸ் ஒரு சின்ன டப்பாவை என் கையில் கொடுத்து யூரின் பிடித்துவரச் சொன்னார். பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

கர்ப்பப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. வயிற்று வலி என்று வரும் பெண்கள் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எடை குறைந்து ரத்தசோகை வந்தாலும் மாதவிடாய் நின்றுபோகும் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த நடைபாதையில் எங்கள் காம்பவுண்டைச் சேர்ந்த ஒரு பெண்ணும் இருந்தார். நாங்கள் வீடு திரும்புவதற்குள் பேச்சு வீடு வந்து சேர்ந்துவிட்டது.

நான் கீர்த்தனாவைப் பெற்றவள் இல்லை. என் பெயர் பேச்சியம்மாள். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். இருபது வயதில் ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனிக்கு வந்தேன். எட்டு வருடம் பெண்கள் விடுதியில் இருந்தேன். கம்பெனி பஸ் ஓட்டும் ஏழுமலையைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவருக்கு ஒரு மகள் இருந்தாள். அவளுடைய அம்மா ஜெயா, அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். இருங்காட்டுக்கோட்டையில் ஒரே வரிசையில் ஆறு வீடுகள் உள்ள ஒரு காம்பவுண்டில் மூன்றாவது வீடு எங்களுடையது.

கீர்த்தனா என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். சண்டை போட்டதில்லை. அது நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

அவளுக்குத் தலைமுடி அடர்த்தி. இரட்டைப் பின்னல் போட்டால் ஒவ்வொன்றும் என் மணிக்கட்டு கனம் இருக்கும். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லிவைத்தது போல் ஒன்றையே சொல்வார்கள். நிறம் அப்பா, பல் அத்தை, முடி மட்டும்தான் ஜெயா. சொல்லிக்கொண்டே பின்னலைக் கையில் எடுத்து எடை பார்ப்பார்கள். அவள் சிரித்தபடி நிற்பாள். அந்தத் தலையை நான் ஒருநாளும் தொட்டுச் சீவியதில்லை. அது அவள் அம்மாவுக்கும் அவளுக்கும் உள்ள விஷயம், நடுவில் நான் கை வைக்கக்கூடாது என்று ஒதுங்கியிருந்தேன். அதை மரியாதை என்று நினைத்தேன்.

அறிகுறிகள் மெதுவாகத்தான் வந்தன. முதலில் நான்கு இட்லி இரண்டாயிற்று. பிறகு ஒன்றரை. “வயிறு ரொம்பிப் போச்சு” என்பாள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் வாந்தி எடுப்பாள். பக்கத்துக் கிளினிக்கில் வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பள்ளிச் சீருடை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. என் நாத்தனார் வசந்தா வாலாஜாபாத்திலிருந்து வந்தவர், அவளைப் பார்த்துவிட்டு என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

“இன்னா பேச்சி, கொழந்தைக்கு சோறு கீறு போடறியா இல்லியா? எலும்புதான் கீது.”

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவள் தட்டில் நானே பிசைந்து வைத்தேன். அவள் எனக்காகச் சாப்பிட்டாள். பிறகு பின்பக்கம் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள்.

ஸ்ரீபெரும்புதூர் மருத்துவமனையில், அந்த யூரின் பரிசோதனைக்குப் பிறகு, டாக்டர் அவளைப் படுக்கவைத்து இடது விலா எலும்புக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். அவர் விரல்கள் ஓரிடத்தில் நின்றன. கல் போல ஒன்று இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி மாதிரி தெரிகிறது, சரியாகச் சொல்ல முடியவில்லை, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள் என்று எழுதிக்கொடுத்தார்கள். கட்டி என்றதும் ஏழுமலையின் கையிலிருந்து சீட்டு நழுவி விழுந்தது. முப்பது பேரை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் பஸ் ஓட்டும் கை அது.

சென்னை அரசு மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையின் உள்ளே பார்ப்பது) செய்தார்கள். முடிந்ததும் அறுவை சிகிச்சை டாக்டர் வெளியே வந்தார். எங்களிடம் பேசாமல், நேராகக் கீர்த்தனா படுத்திருந்த இடத்துக்குப் போய், அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

“பாப்பா, முடி சாப்பிடுற பழக்கம் இருக்கா?”

அவளுடைய வலது கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. நான் பின்னலை விலக்கிப் பார்த்தேன். அப்போதுதான் முதல் தடவையாக அந்தத் தலையைத் தொட்டேன். காதுக்குப் பின்னால் என் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. தோல் வழவழவென்று இருந்தது. மேலே இருந்த அடர்த்தி அதை மூடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு இருந்தது டிரைக்கோபெஸார் (விழுங்கிய முடி செரிக்காமல் இரைப்பைக்குள் சேர்ந்து உருண்டையாக இறுகிப்போவது). அதற்குக் காரணம் டிரைக்கோட்டிலோமேனியா (தன் முடியைத் தானே பிடுங்கத் தூண்டும் மனநலப் பிரச்சினை). பிடுங்குகிற எல்லோரும் விழுங்குவதில்லை. இவள் விழுங்கினாள். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, “தெரில. அஞ்சாவது படிக்கும்போதுலேருந்து” என்றாள். ஐந்தாம் வகுப்பு என்றால் அவள் அம்மா இறந்த வருடம்.

வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்து ஏழுமலை போட்டார். அறுவைக்கு முன் கீர்த்தனா என்னிடம், “எவ்ளோ வெட்டுவாங்க?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. “கொஞ்சமாத்தான் இருக்கும்ட்டி, பயப்படாதே” என்றேன். தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னேன். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படிக் கேட்டால், தெரியாது, டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். பின்னால் அவள் இந்தப் பொய்யை என்னிடம் பலமுறை சொல்லிக்காட்டினாள். சொல்லிக்காட்ட அவளுக்கு உரிமை இருந்தது.

இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டு, வெளியே எடுத்ததை ஒரு தட்டில் காட்டினார்கள். இரைப்பையின் வடிவத்திலேயே இருந்தது. கறுப்பாக, பளபளப்பாக, ஒரு முனையில் வால் போல நீண்டு. அதை மேலும் விவரிக்க விரும்பவில்லை. ஏழுமலை அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“பேச்சி, நா இன்னா பண்ணிக்கினு இருந்தேன் இத்தினி வருசம்?” என்றார்.

அவர் தோளில் கை வைத்தபடி நின்றேன்.

ஐந்து நாள் வாய் வழியாக எதுவும் கொடுக்கவில்லை. மூக்கில் குழாய். பிறகு இளநீர், கஞ்சி, குழைந்த சோறு. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குச் சற்று மேல் வரை நேர்கோட்டில் தையல். நோய் முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். மனநல டாக்டர் மட்டும், “இனிமேதான் ஆரம்பம்” என்றார்.

அவர் எங்களுக்கு ஒரு விதி சொன்னார். “ஏன் பிடுங்கினே, ஏன் பிடுங்கினேன்னு கேக்காதீங்க. அவளுக்கே தெரியாது. எப்போ, எங்க உக்காந்திருக்கும்போது, அத மட்டும் கேளுங்க.” வாராவாரம் ஆலோசனைக்கு வரச் சொன்னார். கை தலைக்குப் போகும்போது அதைக் கவனித்து வேறு வேலைக்குத் திருப்பும் பயிற்சி கொடுத்தார்கள். அவள் சொன்னதைச் செய்தாள், எங்களுக்காகச் சோறு சாப்பிட்டது போலவே.

பள்ளிக்குத் திரும்பிய மூன்றாம் நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் முதல் ஷிப்ட் முடித்து வந்தபோது கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டித் தட்டிப் பார்த்தேன். கால் மணி நேரம் கழித்துத் திறந்தாள்.

“என்னட்டி ஆச்சு?”

“வயித்துல இருந்த கொழந்தய எடுத்துட்டாங்களாமே, அதுக்குத்தான் ஆபரேசனாம். கிளாஸ்ல ஒருத்தி கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“முடின்னு சொன்னா மட்டும்? அது இன்னும் அசிங்கம்.”

அன்றிலிருந்து பள்ளிக்குப் போக மறுத்தாள். குளியலறை பல்பைக் கழற்றி வைத்துவிட்டு, துணியோடு குளித்தாள். பீரோ கண்ணாடியில் போர்வையைத் தொங்கவிட்டாள். வீட்டுக்குள்ளும் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டாள். தன் உடம்பைப் பற்றிப் பேசும்போது “இது” என்பாள். “இதுக்குப் பசிக்கல.” “இத யாரும் பாக்கக் கூடாது.”

நானோ காவல்காரி ஆனேன். தலையணை உறையைத் தட்டிப் பார்த்தேன். குளியலறையில் தண்ணீர் போகும் சல்லடையில் விரல் விட்டுத் துழாவினேன். அவள் தூங்கும்போது நகங்களை முகர்ந்தேன். கம்பெனியில் தைத்துக்கொண்டிருக்கும்போதும் அவள் கை எங்கே இருக்கும் என்றே நினைப்பு. ஒருநாள் ஊசி என் ஆள்காட்டி விரல் நகத்தின் வழியாக இறங்கிவிட்டது. நவம்பரில் ஒரு காலை, அவள் பாயின் அடியில் கொத்தாக முடி கிடந்தது. அந்தக் கொத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது, எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று என்னால் கணக்குப் போட முடியவில்லை. மறுபடி அந்தத் தட்டு என் கண்முன் வந்தது.

வசந்தாவுக்குப் போன் செய்தேன். இப்படித்தான் ஒரு பெரிய தவறு ஆரம்பித்தது.

“மொட்ட போட்டுடு. முடியே இல்லைன்னா இன்னாத்த புடுங்குவா? வல்லக்கோட்டைக்கு இட்டுக்கினு போலாம், முருகன் பாத்துப்பான்,” என்றார். எனக்கு அது அறிவான யோசனையாகப் பட்டது. டாக்டரைக் கேட்கவில்லை. ஏழுமலையிடம் பாதி சொன்னேன். கீர்த்தனாவிடம், “கோயிலுக்குப் போயிட்டு வருவோம், வாரியா?” என்று மட்டும் கேட்டேன். பல வாரமாக ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் போகாதவள், சரி என்றாள். பச்சைச் சுடிதார் போட்டுக்கொண்டாள்.

கோயிலில் வசந்தா எங்களுக்காகக் காத்திருந்தார். கையில் முடிக்காணிக்கைச் சீட்டு. கீர்த்தனா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இழுத்த இழுப்புக்கு வந்து பலகையில் உட்கார்ந்தாள். முடி எடுப்பவருக்கு ஐம்பது வயது இருக்கும். துப்பட்டாவை விலக்கித் தலையைப் பார்த்தார். மறுபடி மூடினார். அவள் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்துகொண்டார்.

“பாப்பா, எடுக்கட்டுமா?”

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “கொழந்தைக்கு இஷ்டம் இல்லம்மா. இன்னொரு நாள் கேட்டு இட்டுக்கினு வாங்க,” என்றார்.

வசந்தா அவரிடம் வாதாடினார். நான் வசந்தாவைச் சமாதானப்படுத்தினேன். இரண்டு நிமிடம் இருக்கலாம். திரும்பினால் பலகையில் யாரும் இல்லை.

அன்று கிருத்திகை, கூட்டம். குளத்தங்கரை, கடைத்தெரு, பஸ் நிற்கும் இடம் எல்லாம் ஓடினேன். அவளிடம் போன் இல்லை. குளத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். தண்ணீரில் எதுவும் இல்லை என்று ஒரு பூக்காரப் பெண் மூன்று தடவை சொன்ன பிறகுதான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தேன்.

ஏழுமலை அப்போது இரண்டாம் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். “கொழந்த காணோம்” என்று போனில் சொன்னேன்.

“இன்னா டிரஸ்?” என்றார்.

“பச்சச் சுடிதார். தலையில துப்பட்டா.”

வேறெதுவும் கேட்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி, கம்பெனி பஸ் ஓட்டுபவர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டார். ஒரகடம் ரோட்டில் அந்த நேரத்தில் எத்தனையோ பஸ்கள் போகும், வரும். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு டிரைவர் சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு டிரெய்லர்கள் போகிற சாலை அது. பதினான்கு வயதுப் பெண் தனியாக நடக்கிற சாலை இல்லை. நான் ஷேர் ஆட்டோவில் முன்னால் உட்கார்ந்து, வெளியே தலையை நீட்டியபடி போனேன். முருகனிடம் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ஒரு பச்சை நிறம் தெரிந்தால் போதும் என்று இருந்தது.

இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு சிமெண்ட் திட்டில் உட்கார்ந்திருப்பதாக, வேறொரு கம்பெனியின் டிரைவர் போன் செய்தார். தான் இறங்கி, அவளுக்குப் பத்தடி தள்ளி, பயமுறுத்தாமல் நின்றுகொண்டிருப்பதாகச் சொன்னார்.

நான் போனபோது அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகாலில் கொப்புளம். நான் அடிப்பேன் என்று நினைத்தாளோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. அவள்தான் முதலில் பேசினாள்.

“ஆஸ்பத்திரிலயும் கேக்கல. இங்கயும் கேக்கல. எல்லாரும் வந்து வந்து பின்னலத் தூக்கிப் பாத்தாங்களே, அப்பவும் கேக்கல. அந்த ஆளு ஒருத்தர்தான் கேட்டாரு.”

அவள் குரல் உயரவில்லை. லாரிச் சத்தத்தில் நான் அவள் பக்கம் சாய்ந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

“தப்புதான் கீர்த்தனா,” என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுவாக இருக்கலாம்.

மறுநாள் மனநல டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் திட்டவில்லை. அதே பிரிவில் சனிக்கிழமைதோறும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் கலைவழிச் சிகிச்சைக்கு (படம், களிமண், அசைவு வழியாக மனத்தில் உள்ளதை வெளியே கொண்டுவருவது) அவளை அனுப்பலாமா என்று கேட்டார். கேட்டது என்னை அல்ல, அவளை. அவள் தோளைக் குலுக்கினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அதை நடத்தியவர் ஷர்மிளா. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு நீள அறை, பாய்கள், ஒரு மேஜை நிறைய பழைய காகிதம். ஆறு பிள்ளைகள். சமையல் எண்ணெய் பட்டுக் கழுத்து வெந்த ஒரு பெண், உயரம் வளரவில்லை என்று தூக்க மாத்திரை விழுங்கிய ஒரு பையன். மற்றவர்களைப் பற்றி நான் எழுதக்கூடாது. முதல் நாள் நான் ஷர்மிளாவிடம், “நீ அழகாத்தான் இருக்கன்னு அவகிட்ட எடுத்துச் சொல்லுங்க மேடம்” என்றேன்.

“அத நான் சொல்ல மாட்டேங்க்கா,” என்றார். “அழகுன்னு சொன்னாலும் அது நம்ம தீர்ப்புதானே. மொதல்ல இந்த உடம்பு அவளுக்குத் திரும்பக் கெடைக்கட்டும்.”

மூன்று சனிக்கிழமை கீர்த்தனா எதுவும் வரையவில்லை. காகிதத்தைக் கிழித்துக்கொண்டே இருந்தாள், மெல்லிய இழைகளாக. எனக்குப் பதற்றமாக இருந்தது. இரண்டு பஸ் மாறி, லீவு போட்டுக் கூட்டிவந்தது காகிதம் கிழிக்கவா? “கைக்கு வேலை கெடச்சிருக்கு, விடுங்க” என்றார் ஷர்மிளா. நான்காம் வாரம் அந்த இழைகளை ஓர் அட்டையில் ஒட்டினாள். என்ன உருவம் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கேட்காமல் இருப்பதற்கு எனக்கு அத்தனை வாரம் பிடித்தது.

ஆறாம் வாரம் தரையில் பழுப்புக் காகிதத்தை ஆள் நீளத்துக்கு விரித்தார்கள். ஒருவர் படுக்க வேண்டும். இன்னொருவர் அவர் உடம்பைச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். பிறகு படுத்தவர் தன் உருவத்துக்குள் வண்ணம் தீட்டுவார். எங்கே வலிக்கிறது, எங்கே மரத்துப்போயிருக்கிறது, எந்த இடம் பிடிக்கும் என்று. கீர்த்தனா படுக்க மறுத்தாள். “வேற யாராச்சும் படுக்கட்டும், நா கோடு போடறேன்” என்றாள். ஷர்மிளா கதவைத் திறந்து வெளியே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

நான் படுத்தேன். முன்பின் தெரியாத ஆட்கள் இருக்கும் அறையில் மல்லாந்து படுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. புடவையை இழுத்து இழுத்துவிட்டேன். கீர்த்தனா என் தலைமாட்டில் மண்டியிட்டாள்.

“தொடலாமா சித்தி?” என்றாள்.

தலையாட்டினேன்.

பென்சில் என் காதைச் சுற்றி, கழுத்தில் இறங்கி, தோளில் ஏறியது. கை இடுக்கில் கூசியது. அவள் மூச்சு என் முழங்கையில் பட்டது. இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் அவ்வளவு அருகில் இருந்ததில்லை. எழுந்து பார்த்தபோது தரையில் ஒரு பெண் கிடந்தாள். நான் நினைத்ததைவிடக் குட்டையாக, அகலமாக இருந்தாள்.

எனக்கும் சாக்பீஸ் கொடுத்தார்கள். வலி என்றால் சிவப்பு. ஊசி இறங்கிய விரலில் வைத்தேன், இடுப்பில் வைத்தேன். அடிவயிற்றில் சிறிது தயங்கி வைத்தேன். கல்யாணமான முதல் வருடம் அங்கே ஒன்று தங்காமல் போயிற்று. அதைக் கீர்த்தனாவிடம் நாங்கள் சொன்னதில்லை. அவள் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்த இடத்துக்குப் பச்சை. சாக்பீஸைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“உங்களுக்கும் ஒண்ணுமே புடிக்கலியா?” என்றாள் கீர்த்தனா.

கேட்டுவிட்டுச் சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அழுகையாகி, ஷர்மிளா தண்ணீர் கொண்டுவந்தார்.

அடுத்த வாரம் என்னையும் உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, அவள் தானாகப் படுத்தாள். கோடு போட்டது அந்தக் கழுத்து வெந்த பெண். கீர்த்தனா தன் உருவத்தில் முதலில் வரைந்தது தழும்பை. நெடுக ஒரு கோடு, குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள்.

“சித்தி, இது இன்னா தையல்?”

“ஒவ்வொண்ணாப் போட்டு முடிச்சுப் போட்டிருக்காங்க. இடைவெளி சமமா இல்ல. எங்க லைன்ல இப்படித் தச்சா சூப்பர்வைசர் ரிஜெக்ட் பண்ணிருவாரு.”

“அப்போ நா ரிஜெக்ட் பீஸா?”

எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் அவள் கண்ணில் குறும்பு இருந்தது.

“பிரிஞ்சாத்தான் ரிஜெக்ட்டு. பிரியலல்ல? அப்பம் பாஸ்தான்,” என்றேன்.

தலைப் பகுதியை அவள் பல வாரம் காலியாகவே விட்டிருந்தாள். பிறகு ஒருநாள் வழுக்கை விழுந்த இடத்தை மட்டும் கரியால் நிரப்பினாள். அதற்கு அடுத்த வாரம் கண் வரைந்தாள். இப்படித்தான், ஒரு வாரம் முன்னே, ஒரு வாரம் பின்னே. சில வாரம் வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். மனநல டாக்டரின் ஆலோசனையும் கூடவே நடந்தது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. படம் வரைந்தால் நோய் போய்விடும் என்று நான் எழுதினால் அது பொய்.

பிப்ரவரியில் மறுபடி பள்ளிக்குப் போனாள். காம்பவுண்டுப் பேச்சுக்கு ஏழுமலை ஒரு முடிவு கட்டினார். மற்ற ஐந்து வீட்டுக் கதவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டி, “எம்பொண்ணு வயித்துல இருந்தது முடி. டாக்டர் சீட்டு கீது, படிச்சிப் பாருங்க” என்று காட்டினார். போவதற்கு முன் அவளைக் கேட்டார். காட்டலாம் என்று அவள் சொன்ன பிறகுதான் போனார்.

பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு சமயம். நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீர்த்தனா கணக்குப் புத்தகத்தோடு வெளியே வந்து என் முன்னால் நின்றாள்.

“இன்னிக்கு புடுங்கிட்டேன்,” என்றாள். கையை விரித்துக் காட்டினாள். ஏழெட்டு முடி இருந்தது. “ஆனா முழுங்கல.”

என் கையில் ஈரத்துணி. என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏன் என்று கேட்க நாக்கு எழுந்தது. அடக்கினேன்.

“எப்பம்?”

“ஜியாமெட்ரி போடும்போது.”

“இப்பம் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் வேணாம். சொல்லணும்னு தோணுச்சு.”

முடியைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போட்டேன். இதே நோயோடு வீட்டில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு “சொல்லணும்னு தோணுச்சு” என்ற வாக்கியத்தின் எடை தெரியும். மற்றவர்களுக்கு விளக்க முடியாது.

சென்ற மாதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஸ்கேனுக்குப் போய்வந்தோம். வயிறு சுத்தமாக இருக்கிறது. காதுக்குப் பின்னால் முடி வந்திருக்கிறது, சில இடத்தில் வரவில்லை, ஒருவேளை வராமலே போகலாம். கழுத்தளவு வெட்டிக்கொண்டிருக்கிறாள், தானே பார்லருக்குப் போய். தழும்பு தடித்து மினுங்குகிறது. அது பிடிக்கும் என்று அவள் இன்னும் சொன்னதில்லை. “இது” என்பது போய் “என் வயிறு” என்று வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. பூந்தமல்லியில் கூட்டம் ஏறி நெருக்கியது. டிரைவர் பிரேக் போட்டபோது நான் சீட்டுக் கம்பியைப் பிடிக்கத் தடுமாறினேன். கீர்த்தனா கையை உயர்த்தி, மேலே ஓடும் கம்பியை எட்டிப் பிடித்தாள். எக்கவில்லை. கை சாதாரணமாகப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு கையால் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தேன். நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

எப்போது என்னைவிட உயரமானாள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றரை வருடமாக அவள் தலையில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு நகக்கண் அளவு முடி வளர்வதை வைத்துத்தான் நாட்கள் எனக்கு நகர்ந்தன. அதற்குள் அவளுடைய எலும்புகள், கைகள், கால்கள் எல்லாம் தன் போக்கில் வளர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. ஆஸ்பத்திரிப் படுக்கையிலும், மேம்பாலத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த அந்த மத்தியானத்திலும்கூட வளர்ந்திருக்கும்.

“இன்னா சித்தி அப்டிப் பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்லட்டி,” என்றேன். “சட்ட கை குட்டையாயிட்டு. புதுசு தைக்கணும்.”